பிளைடா பள்ளத்தாக்குக்குப் போகுமுன் கேட்க வேண்டியது: மேலேயா, கீழேயா?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறைக்கு, டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து நம் தென்னாப்பிரிக்காவிலேயே மபுமலாங்கா மாகாணத்தில் உள்ள பிளைடா ஆற்றுப் பள்ளத்தாக்கு வனக்காப்பகத்துக்குக் காரில் போய் மூன்று இரவு தங்கலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், எங்கள் இரண்டு பிள்ளைகள், தங்கையின் எட்டு வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார். வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒருவர் எல்லா இடத்துக்கும் சேர்த்து ‘கேன்யன் பாஸ்’ எடுத்துத் தருகிறேன், காப்பகத்துக்குள்ளேயே வீடு இருக்கிறது, படகுச் சவாரியும் உண்டு, பாதிப் பணத்தை இப்போதே போடுங்கள் என்கிறார். சுவாசிலாந்து வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று உறவினர் சொல்கிறார். நம்பிப் போகலாமா ஐயா?

பதில்: பணத்தைப் போடாதீர்கள் அம்மா. எல்லா இடத்துக்கும் செல்லும் ‘கேன்யன் பாஸ்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒருவர் அப்படி ஒன்றை விற்கிறேன் என்றால், அவர் சொல்லும் வீட்டையும் படகையும் பற்றி அதற்குமேல் விசாரிக்கத் தேவையில்லை.

அங்கே நடைமுறை இதுதான். காட்ஸ் விண்டோ, லிஸ்பன் அருவி, பெர்லின் அருவி, போர்க்ஸ் லக் பாட்ஹோல்ஸ், த்ரீ ரொண்டாவல்ஸ் என்று ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கட்டணம். வாசலில் போய்க் கட்டினால் போதும். பகலில் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு முன்பதிவும் வேண்டாம், நடுவில் ஆளும் வேண்டாம். ஒரே சாலையில் வரிசையாக இருக்கும் இடங்களுக்கு ஒரே சீட்டு கொடுக்க இத்தனை வருஷமாக யாருக்கும் மனம் வரவில்லை. ஐந்து இடத்தில் நிறுத்தி ஐந்து முறை பணம் எடுக்க வைக்கிறார்கள். அந்த எரிச்சலைத்தான் இந்த வாட்ஸ்அப் ஆட்கள் காசாக்குகிறார்கள். சில்லறை நோட்டாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை என்று சொன்னால் திரும்பி வர வேண்டியிருக்கும். குரூகர் பூங்காவுக்கு எடுக்கும் வைல்டு கார்டும் (வருட நுழைவு அட்டை) இங்கே செல்லாது. குரூகர் தேசியப் பூங்கா. இது மபுமலாங்கா மாகாணத்தின் காப்பகம்.

அடுத்தது வீடு. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதுவும் மோசடிக்காரர் இல்லாமலேயே. பிளைடா பள்ளத்தாக்கு சுமார் 26 கிலோமீட்டர் நீளம். பல இடங்களில் விளிம்பிலிருந்து ஆறு 700, 800 மீட்டர் கீழே ஓடுகிறது. அதனால் இந்த இடத்துக்கு மேல்பக்கம் ஒன்று, கீழ்பக்கம் ஒன்று. படத்தில் பார்க்கும் காட்சி முனைகள் எல்லாம் மேலே, கிராஸ்காப் ஊரிலிருந்து வடக்கே போகும் ஆர்532 சாலையிலும் அதன் கிளைச் சாலைகளிலும் இருக்கின்றன. பிளைடா ஆற்றின் அணையும் அதில் படகுச் சவாரியும் கீழே, ஹூட்ஸ்ப்ரூட் பக்கம். த்ரீ ரொண்டாவல்ஸ் முனையில் நின்று குனிந்து பார்த்தால் அணைத் தண்ணீர் காலடியில் பளபளக்கும். ‘மதியம் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் படகில் போவோம்’ என்று தோன்றும். ஆனால் நேராக இறங்கச் சாலை கிடையாது. வடக்கே சுற்றி, ஏபல் எராஸ்மஸ் கணவாயில் இறங்கி, சுரங்கப்பாதை தாண்டி, திரும்ப உள்ளே வர வேண்டும். ஒரு பக்கத்துக்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும்.

விளம்பரத்தில் ‘பிளைடா’ என்று பெயர் வைத்த தங்குமிடங்களில் பல கீழ்ப்பக்கம்தான் இருக்கின்றன. அவை பொய் சொல்லவில்லை. ஆறு அந்தப் பக்கமும் ஓடுகிறது. ஆனால் நீங்கள் காட்சி முனைகளைப் பார்க்கப் போய் அங்கே தங்கினால், விடுமுறை முழுக்கக் கணவாயில்தான் கழியும். ஆகவே யாரிடம் அறை கேட்டாலும் முதல் கேள்வி ‘மேலேயா, கீழேயா?’ என்பதாகவே இருக்கட்டும். அடுத்து ‘கிராஸ்காப்பிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?’ என்று கேளுங்கள். பதில் வழவழ என்று வந்தால் விட்டுவிடுங்கள். தங்குமிடத்தின் தொலைபேசி எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டு, ‘இந்தப் பெயரில் பதிவு இருக்கிறதா, இந்த வங்கிக் கணக்கு உங்களுடையதா’ என்று கேட்டபிறகுதான் பணம் அனுப்ப வேண்டும். அவர் அனுப்பிய எண்ணில் கூப்பிட்டால் அவருடைய கூட்டாளிதான் எடுப்பார். உங்கள் குடும்பத்துக்கு கிராஸ்காப் ஊருக்குள்ளேயே சமையலறையோடு ஒரு வீடு எடுப்பது நல்லது. படகை இந்த முறை விட்டுவிடுங்கள். கீழ்ப்பக்கம் மலேரியா உள்ள பகுதி, அதன் காலமும் செப்டம்பரில்தான் தொடங்குகிறது. இறங்கியே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி வேண்டுமா என்றால், வேண்டாம். பாதைகள் தெளிவாக இருக்கின்றன. அப்படியே வைத்துக்கொண்டாலும், இந்த நாட்டில் சட்டப்படி பதிவு செய்தவர்தான் கூலிக்கு வழிகாட்டலாம். அவரிடம் அட்டையும் பேட்ஜும் இருக்கும். காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

சரி, சுவாசிலாந்து வழி. இப்போது எஸ்வாட்டினி என்கிறார்கள்; அது தனி நாடு. வரைபடத்தில் குறுக்காகத்தான் தெரியும். ஆனால் உங்கள் காரில் தங்கை மகன் இருக்கிறான், அவனுடைய அப்பா அம்மா வரவில்லை. இதை உங்கள் உறவினர் யோசிக்கவில்லை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை பெற்றோர் இல்லாமல் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியே போனால், அது மூன்று மணி நேரம் குறுக்கே ஓட்டிக் கடக்கும் பயணமாக இருந்தாலும், எல்லையில் காகிதம் கேட்பார்கள். அவனுடைய கடவுச்சீட்டு வேண்டும். பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட சம்மதப் பிரமாணம், அவர்களுடைய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு நகல், தொடர்பு எண் வேண்டும். பெரியப்பா பெரியம்மா என்று சொல்வது அங்கே எடுபடாது. பெற்றோர் பிரிந்து, பிள்ளையின் முழுப் பொறுப்பும் ஒருவருக்கே என்றால் நீதிமன்ற உத்தரவு, ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கும் கடவுச்சீட்டு கட்டாயம். அது பெற்றோர் விவரம் அச்சடிக்காத பழைய சீட்டாக இருந்தால் பிறப்புச் சான்றிதழும் எடுத்துப் போங்கள். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட கம்பெனியின் அனுமதிக் கடிதம் தனியாக வேண்டும். இந்தக் காகிதங்களுக்காக விடியற்காலையில் உள்துறை அலுவலக வரிசையில் நின்று, பத்து மணிக்கு ‘சிஸ்டம் ஆஃப்லைன்’ என்று கேட்டுத் திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ! குழந்தைகளைக் காப்பாற்றத்தான் இந்த விதி, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒரு சான்றிதழ் எடுக்க ஒரு தாயை இப்படி அலைய விடுவது நியாயமே இல்லை.

எல்லையைத் தொடாமல் போக வழி இருக்கிறது. என்3 சாலையில் லேடிஸ்மித் வரை, அங்கிருந்து என்11 பிடித்து நியூகாசல், ஃபோக்ஸ்ரஸ்ட், எர்மெலோ. அப்புறம் கரோலினா, லைடன்பர்க், லாங் டாம் கணவாய், சேபி, கிராஸ்காப். எர்மெலோ சுற்றுவட்டாரத்தில் நிலக்கரி லாரிகள் நிறைய, சாலையில் குழிகளும் நிறைய. லாங் டாம் கணவாயில் பனிமூட்டம் திடீரென்று இறங்கும். நிறுத்தி நிறுத்திப் போனால் ஒரு முழுப் பகல் ஆகிவிடும். அதனால் விடியுமுன் கிளம்பி, இருட்டுவதற்குள் சேருங்கள்.

பார்க்கும் ஒழுங்கு உங்கள் மாமியாரின் முழங்காலைப் பொறுத்தது. காட்ஸ் விண்டோவில் கார் நிறுத்தும் இடத்திலிருந்து முதல் காட்சி முனைகள் அருகில்தான். மேலே மழைக்காட்டுக்குப் போவது படிக்கட்டு. அவர் கீழேயே உட்காரட்டும். காலையில் மூட்டமாக இருந்தால் அங்கே வெள்ளைத் திரையைத் தவிர ஒன்றும் தெரியாது. காத்திருக்காமல் அருவிகளுக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள், இடம் கிராஸ்காப்புக்குப் பக்கம்தான். போர்க்ஸ் லக் கிராஸ்காப்பிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ட்ரூர் ஆறு பிளைடாவோடு சேரும் இடம் அது. வெள்ளத்தில் சுழன்ற மணலும் கூழாங்கல்லும் பாறையைக் குடைந்து குடைந்து, வாய் குறுகிய பெரிய அண்டாக்கள் மாதிரி வட்ட வட்டமாகக் குழி எடுத்திருக்கின்றன. குழியின் உள்சுவரில் மஞ்சளும் பழுப்புமாக வளையங்கள் தெரியும், அடியில் கரும்பச்சைத் தண்ணீர். பாலத்தின் மேல் நின்று பார்த்தால்தான் அந்த ஆழம் புரியும். பாதை இறங்கி ஏற வேண்டும், பாறை ஈரமாக இருந்தால் வழுக்கும். பிள்ளைகளை ஆளுக்கொருவர் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

த்ரீ ரொண்டாவல்ஸை மதியத்துக்குப் பிறகு வையுங்கள். காலையில் வெயில் எதிரே இருந்து கண்ணைக் கூசும். பிற்பகலில்தான் மூன்று குன்றுகளின் முகத்திலும் வெளிச்சம் விழும். காரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே காட்சி முழுதும் விரிந்துவிடும், எனவே மாமியார் நிச்சயம் பார்க்க வேண்டிய இடம் இதுதான். விளிம்பில் எல்லா இடத்திலும் வேலி இல்லை. மாலை ஐந்துக்குள் வாசலைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இருட்டில் அந்தச் சாலையில் மாடுகள் நிற்கும்.

செப்டம்பர் வறண்ட காலத்தின் கடைசி. அருவிகளில் தண்ணீர் மெலிந்திருக்கும், புல் எரிந்த புகையால் தூரம் மங்கலாகத் தெரியலாம். பெருமழைக்குப் பிறகு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுப் போய் ஏமாற வேண்டாம்.

புரட்டாசி என்பதால் சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். கிராஸ்காப் பான்கேக்குக்குப் பேர்போன ஊர். காய்கறி வைத்ததும் இனிப்பும் கிடைக்கும்; மாமியார் முட்டையும் தொடமாட்டார் என்றால் மாவில் முட்டை இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை வீட்டின் பிராய் (இறைச்சி சுடும் அடுப்பு) கம்பி வலையில் முன்னால் வந்தவர்கள் இறைச்சி சுட்டிருப்பார்கள். சோளம் சுட வேண்டுமென்றால் சொந்த வலை ஒன்றும், சாம்பாருக்கு ஒரு பாத்திரமும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். பருப்பு, மசாலா, ஊறுகாய் டர்பனிலேயே கட்டிக்கொள்ளுங்கள். அங்கே நம் மளிகைக்கடையைத் தேடி அலைய வேண்டாம்.