மேலே வயல் மனையானால், கீழே இருக்கும் வீட்டுக்குக் காப்பீடு போதுமா?

கேள்வி: சென்னையை அடுத்த முடிச்சூரில் சொந்த வீடு, கார்பெட் ஏரியா (சுவர்களுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) 900 சதுர அடி. கடன் 14 லட்சம் பாக்கி. ஆதனூர், மணிமங்கலம் பக்கம் வயல்கள் மனைகளாகி வருகின்றன. 2015 வெள்ளம் திரும்புமோ என்று பயம். கடனோடு வங்கி எடுத்த காப்பீடு போதுமா?

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2015 என்றாலே செம்பரம்பாக்கத்தைத்தான் பேசுவார்கள். ஆனால் அந்த ஏரியின் உபரி நீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே, அதாவது ஆற்றோட்டத்தில் உங்களுக்குக் கீழே. உங்கள் தெருவுக்கு வருவது ஆதனூர் பக்கத்து ஏரிகளின் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) தாண்டும் தண்ணீர். வரப்புள்ள ஒரு ஏக்கர் வயலில் 10 செ.மீ. நின்றாலே சுமார் 4 லட்சம் லிட்டர். அது மனையானால் அவ்வளவும் நிற்காமல் உடனே வாய்க்காலுக்குப் போகும். வாய்க்காலும் தூர்ந்திருந்தால் தெருதான் வழி.

இப்போது பாலிசிக்கு வருவோம். வங்கி எடுத்துத் தந்ததில் பெரும்பாலும் கடன் தொகை அளவுக்குக் கட்டடம் மட்டும்தான் இருக்கும். ஃபிரிட்ஜ், கட்டில், பீரோ சேராது. சிலருக்கு அது வெறும் ஆயுள் காப்பீடாகவே இருக்கும்! பாலிசிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் 'பாரத் கிருஹ ரக்‌ஷா'வில் வெள்ளம் அடிப்படையிலேயே அடக்கம். காப்பீட்டுத் தொகையை மனையின் சந்தை விலையில் போடாதீர்கள். நிலத்துக்கு இழப்பீடு கிடையாது. திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 22.5 லட்சம். சுற்றுச்சுவர், சம்ப், செப்டிக் டேங்க் இவற்றின் செலவைத் தனியே கூட்டுங்கள், பலர் விட்டுவிடுவது இதுதான். வீட்டுப் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேரும், உங்களுக்கு 4.5 லட்சம். நகைக்குத் தனி விருப்பக் காப்பு வேண்டும்.

இந்தப் பாலிசியை 10 ஆண்டு வரை எடுக்கலாம். நான் சொல்வது நீண்ட காலத்துக்கே எடுங்கள் என்பதுதான். மேலே நிலம் மாறுவதை இன்றைய பிரீமியம் கணக்கில் எடுப்பதில்லை. ஊரே ஒருமுறை கிளெய்ம் கேட்டபின் அடுத்த புதுப்பிப்பு இதே விலையில் வரும் என்று நம்ப முடியாது. பல ஆண்டு பாலிசியில் தொகையும் கூடுதல் பிரீமியம் இல்லாமல் ஆண்டுக்கு 10 சதவீதம் உயரும்.

வெள்ளம் வடிந்ததும் நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைத் தேதியோடு படம் எடுங்கள். நனைந்த மெத்தையைச் சர்வேயர் (இழப்பை மதிப்பிட வருபவர்) பார்க்கும்முன் குப்பையில் போட்டால் அதற்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. வெள்ளத்தால் வீட்டை விட்டுப் போயிருக்கும்போது திருட்டு நடந்தால், அது வெள்ளம் வந்த 7 நாளுக்குள் என்றால் காப்பு உண்டு. நாட்பட்ட ஓதத்துக்குக் கிடையாது.

கார் இதில் சேராது. அதற்குத் தனியாக விரிவான பாலிசியோடு எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆனும் வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்யுங்கள்.