மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி

அன்புள்ள ஐயா,

ஆறு வருடம் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கிடங்குப் பிரிவில் வேலை பார்த்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் அவரைக் கவனித்துக்கொண்டேன். இப்போது ஏழு மாதமாக வேலை தேடுகிறேன். நாற்பது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தாயிற்று. ஓர் இடத்திலிருந்துகூட இன்டர்வியூவுக்குக் கூப்பிடவில்லை. கம்ப்யூட்டரே தள்ளிவிடுகிறது, மனிதர் கண்ணில் படுவதே இல்லை என்கிறாள் தோழி. அந்த இரண்டு வருட இடைவெளியை எப்படியாவது மறைத்துவிடு என்கிறார் அண்ணன். எனக்கு என்மேலேயே நம்பிக்கை குறைந்துகொண்டு வருகிறது. ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு செய்கிறேன் என்று சொல்ல முடியுமா? என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் ரெஸ்யூமேயின் நான்கு பக்கங்களையும் இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில், 'இதர செயல்பாடுகள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது: 'ஸ்டாக் எடுக்கும் முறையை மேம்படுத்துவதில் பங்களித்தேன்.' அது என்ன என்று தனியாக எழுதிக் கேட்டேன். நீங்கள் அனுப்பிய பதிலை, உங்கள் சம்மதத்தோடு, இங்கே சுருக்கித் தருகிறேன்.

கிடங்கில் சுமார் 3,000 வகைப் பொருட்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்க்க நான்கு நாள் ஆகும். அந்த நான்கு நாளும் சரக்கு வெளியே போகாது. நீங்கள் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் எண் ஒட்டினீர்கள். மொத்தமாக எண்ணுவதை விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒரு பகுதி என்று எண்ணும் வழக்கத்தைக் கொண்டுவந்தீர்கள். ஒரு வருடத்துக்குள் கிடங்கை மூடி வைக்கும் நாட்கள் நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்தன. இதைச் செய்யும்படி யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு செய்தவர் அதைப் 'பங்களித்தேன்' என்ற ஒரு சொல்லுக்குள் ஒளித்து, மூன்றாம் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். சரி, முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது? 'சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உதவ விரும்புகிறேன்' என்று ஒரு குறிக்கோள். அப்புறம் கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், குழுவோடு ஒத்துப்போகிறவர். அதற்குக் கீழே பள்ளி மதிப்பெண்கள். எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் உங்கள் பெயரை அழித்துவிட்டு வேறு யார் பெயரை எழுதினாலும் பொருந்தும். உங்களுக்கு மட்டுமே சொந்தமான வரி மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறது.

பல வருடங்களுக்கு முன் நான் ஆள் எடுக்கும் ஒரு குழுவில் இருந்தேன். ஒரு பதவிக்கு இருநூறு விண்ணப்பங்கள். சாயங்காலத்துக்குள் பதினைந்தாகக் குறைக்க வேண்டும். குறைத்தோம், ஆளையும் எடுத்துவிட்டோம். சில வாரம் கழித்து, ஒதுக்கிய கட்டைக் கோப்பில் வைக்கும்போது ஒன்றின் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. நாங்கள் எந்த அனுபவத்தைத் தேடினோமோ அது அப்படியே அங்கே இருந்தது. முதல் பக்கம் உங்களுடையதைப் போலவே இருந்ததால் நான் கடைசிப் பக்கம்வரை போகவில்லை. அவருக்குச் செய்த அநியாயம் இன்றைக்கும் என் நினைவில் இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2018-இல் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம், ஆள் எடுப்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தது. ஒரு ரெஸ்யூமேயின் முதல் பார்வைக்கு அவர்கள் செலவழித்த நேரம் சராசரியாக 7.4 விநாடி. அது அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், இருநூறு விண்ணப்பத்தையும் வரிவரியாகப் படிக்க நேரம் இருக்காது. அந்தச் சில விநாடிக்குள் உங்கள் கிடங்கு அவர்கள் கண்ணில் பட வேண்டும். அதற்கு அது முதல் பக்கத்தின் மேல் பாதியில் இருந்தாக வேண்டும்.

எப்படி எழுதுவது? கூகுளின் மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் ஓர் எளிய வழி சொல்லியிருக்கிறார்: எதைச் சாதித்தீர்கள், அது எந்த அளவால் தெரிகிறது, என்ன செய்து சாதித்தீர்கள், மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும். உங்கள் வரியை அப்படி எழுதிப் பார்த்தேன்: '3,000 வகைப் பொருட்கள் கொண்ட கிடங்கில், தட்டுகளுக்கு எண்ணிட்டு வாராந்தரக் கணக்கெடுப்பைத் தொடங்கியதன் மூலம், காலாண்டுக் கணக்கெடுப்புக்கான மூடல் நாட்களை 4-இலிருந்து 1-ஆகக் குறைத்தேன்.' இதைப் படிக்கும் கிடங்கு மேலாளருக்கு உடனே ஒரு கேள்வி எழும்: 'அப்படியா, எப்படிச் செய்தீர்கள்?' அதைக் கேட்பதற்கு அவர் உங்களைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ரெஸ்யூமேயிடம் நான் எதிர்பார்ப்பது இந்த ஒன்றைத்தான். வேலையை வாங்கித் தரும் பொறுப்பை அதன் தலையில் வைத்தால்தான் நான்கு பக்கம் நீள்கிறது.

மற்ற வரிகளையும் இதேபோல் கேள்வி கேட்டுப் பாருங்கள். 'பதிவேடுகளைப் பராமரித்தல்' என்று இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு? எந்த மென்பொருளில்? 'புதிய பணியாளர்களுக்குப் பயிற்சியளித்தல்.' எத்தனை பேருக்கு, எத்தனை நாள்? பொறுப்பேற்றிருந்தேன், ஈடுபட்டிருந்தேன், உதவினேன் என்ற சொற்கள் வருமிடத்திலெல்லாம் நின்று, அந்த நாளில் என் கை என்ன செய்தது என்று யோசியுங்கள். எல்லா வேலைக்கும் எண் கிடைக்காது. எண் இல்லாத இடத்தில் நடந்ததை அப்படியே சொன்னால் போதும். இல்லாத எண்ணை மட்டும் எழுத வேண்டாம், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

நாற்பது இடத்துக்கும் ஒரே ரெஸ்யூமேதான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். இனி விளம்பரத்தை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அவர்கள் 'சரக்கு இருப்பு மேலாண்மை' என்று கேட்டு, நீங்கள் செய்ததும் அதுவேதான் என்றால் உங்கள் ரெஸ்யூமேயிலும் அந்தச் சொல்லே இருக்கட்டும். 'ஸ்டோர்ஸ் வேலை' என்று எழுதினால் உங்களுக்குப் புரியும், தேடுகிறவருக்குப் புரியாமல் போகலாம். ஒரு முழு ரெஸ்யூமேயை உங்களுக்காக மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து இரண்டு பக்கத்துக்குள் அடக்குங்கள். ஆறு வருட அனுபவத்துக்கு அது போதும். இதனால் ஒரு நாளைக்கு ஐந்து விண்ணப்பம் போட முடியாது, ஒன்றுதான் முடியும். எனக்கு அந்த ஒன்றின்மேல்தான் நம்பிக்கை.

கம்ப்யூட்டர் தள்ளிவிடுகிறது என்று உங்கள் தோழி சொல்வது பாதிதான் சரி. பல நிறுவனங்களில் விண்ணப்பங்களைச் சேர்த்து வைக்கவும் வடிகட்டவும் மென்பொருள் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் 'இத்தனை வருட அனுபவம் உண்டா' என்பது போன்ற கேள்விகளுக்குத் தரும் பதிலை வைத்தே சிலர் விலக்கப்படுவதும் உண்டு. அதோடு அந்த மென்பொருளால் சில வடிவமைப்புகளைச் சரியாகப் படிக்க முடியாது. உங்கள் டெம்ப்ளேட்டில் பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் பத்திகள், கட்டங்கள், திறமையைக் காட்டும் நட்சத்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. தொலைபேசி எண் பக்கத்தின் தலைப்புப் பட்டைக்குள் இருக்கிறது, சில மென்பொருள்கள் அதை எடுக்காமலே விட்டுவிடும். பிரிவு, கட்டம், நட்சத்திரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், தொலைபேசி எண்ணைப் பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். நெடுக்காகப் பிரிக்காத பக்கம், வழக்கமான எழுத்துரு, தெளிவான தலைப்புகள், கடைசியாகப் பார்த்த வேலை முதலில். வேர்டா பிடிஎஃப்பா என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தால் அதன்படி அனுப்புங்கள். கோப்பின் பெயர் இப்போது 'நியூ ஃபைனல் 3' என்று இருக்கிறது. உங்கள் பெயரையே வையுங்கள்.

அந்த இரண்டு வருடத்தை மறைக்க வேண்டாம். அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் தேதிகளை நீட்டி எழுதினால், பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும்போது பொய் வெளிப்படும், கையில் வந்த வேலையும் போகலாம். தேதிகளை எழுதாமல் விட்டாலோ படிப்பவர் அதைவிட மோசமாக எதையாவது கற்பனை செய்துகொள்வார். 'குடும்பத்தில் ஒருவரின் மருத்துவப் பராமரிப்புக்காகப் பணி இடைவெளி. இப்போது முழுநேரப் பணிக்குத் தயார்' என்று வருடங்களோடு ஒரே வரி போதும். அம்மாவின் நோய் என்ன என்பதெல்லாம் அங்கே வேண்டாம். இப்படி இடைவெளி எடுப்பவர்கள் நிறையப் பேர். வேலைத் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன் 2022-இல் தன் பக்கங்களில் பணி இடைவெளியைப் பதிவதற்கென்றே தனி இடம் கொடுத்தது. பராமரிப்பு என்பது அதில் ஒரு வகை. அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்காக நீங்கள் யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று, நம்பிக்கை குறைகிறது என்று எழுதியிருந்ததற்காக. மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் சுமார் 5,000 கற்பனை ரெஸ்யூமேக்களை நிஜ வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். தகுதி ஒன்றாக இருந்தும், வெள்ளையர் பெயர் போலத் தோன்றிய பெயர்களுக்குச் சுமார் 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது, கறுப்பினத்தவர் பெயர் போலத் தோன்றியவற்றுக்குச் சுமார் 15 அனுப்ப வேண்டியிருந்தது. விண்ணப்பித்தவர் எந்தத் தவறும் செய்யாமலே பதில் வராமல் போவது உண்டு. நல்ல ரெஸ்யூமேக்கும் பல இடங்களில் மௌனம்தான் கிடைக்கும். நாற்பது மௌனங்களையும் உங்கள் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் பக்கத்தை மட்டும் இந்த வாரம் மாற்றி எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கூடவே ஒன்றையும் எழுதுங்கள். யாரும் சொல்லாமலே எண் ஒட்டத் தொடங்கிய அந்த முதல் நாள், எந்த அடுக்கிலிருந்து ஆரம்பித்தீர்கள், ஏன்? இன்டர்வியூவில் அதைத்தான் கேட்பார்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்