நாற்பத்தேழை 407 என்று எழுதும் குழந்தைகள்: குச்சிக்கட்டிலிருந்து இடமதிப்பு

கேள்வி: இரண்டாம் வகுப்பில் 32 குழந்தைகளுக்குக் கற்பிக்கிறேன். நூறு வரை தடங்கலில்லாமல் சொல்கிறார்கள். ஆனால் நாற்பத்தேழு எழுதச் சொன்னால் பலர் 407 என்று எழுதுகிறார்கள். 38-உடன் 5-ஐக் கூட்டச் சொன்னால் 313 வருகிறது. பலகையில் எத்தனை முறை விளக்கியும் பயனில்லை. குச்சிகளைக் கையில் கொடுத்தால் வகுப்பே சந்தைக்கடை ஆகிவிடுகிறது. கொடுப்பதிலும் பொறுக்குவதிலும் பாதி நேரம் போகிறது. இடமதிப்பை எப்படிப் பதிய வைப்பது? எத்தனை நாள் ஒதுக்கலாம்?

பதில்: முதலில் அந்த 407-ஐ உற்றுப் பாருங்கள். அது கவனக்குறைவால் வந்த தவறு அல்ல. நாற்பது என்றால் 40, ஏழு என்றால் 7. காதில் விழுந்த வரிசையிலேயே குழந்தை இரண்டையும் எழுதியிருக்கிறது. 313-உம் அப்படித்தான். 8-உம் 5-உம் 13, எழுதியாயிற்று. முன்னால் இருந்த 3 அதன் இடத்திலேயே இருக்கிறது. இரண்டு விடையிலும் யோசனை இருக்கிறது. இடப்பக்கத்து இலக்கம் பத்துப் பத்தாகக் கட்டிய கட்டுகளின் எண்ணிக்கை என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. நூறு வரை ஒப்பிக்க அந்தப் புரிதல் தேவைப்படாது. அதனால் ஒப்பிப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

யாருக்குப் புரிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயிடம் பயின்ற கல்வி ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் காமி தன் ஆய்வுகளில் பயன்படுத்தியது இது. குழந்தை முன் 16 பொத்தான்களை வையுங்கள். எண்ணி, தாளில் 16 என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதில் 6-ஐப் பென்சிலால் வட்டமிட்டு, "இது எந்தப் பொத்தான்கள்?" என்று கேளுங்கள். ஆறை எடுத்துக் காட்டும். பிறகு 1-ஐ வட்டமிட்டு அதையே கேளுங்கள். பல குழந்தைகள் ஒரே ஒரு பொத்தானை எடுத்து வைப்பார்கள். ஒன்பது பொத்தான்கள் மேசையில் அப்படியே கிடக்கும், குழந்தைக்கு அது உறுத்தவும் செய்யாது. நீங்கள் திருத்த வேண்டாம், குறித்துக்கொண்டால் போதும். ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிடம் என்றால் நாளைக்கு எட்டுப் பேர் வீதம் நான்கு நாளில் முடியும். மற்றவர்கள் அந்த நேரத்தில் படம் வரையட்டும், படிக்கட்டும்.

இந்தச் சோதனையில் 16 பொத்தான்களையே சரியாக எண்ண முடியாமல், எண்ணியதையே மறுபடி எண்ணுபவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களை இப்போதே கட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசைக் கட்டங்கள் வரைந்த அட்டையில், கட்டத்துக்கு ஒன்றாகப் பொத்தான் வைத்து, பத்துக்குள் சில நாள் பழகட்டும். எண்ணிய பொருளை ஒரு பக்கமாக நகர்த்தி வைக்கும் பழக்கமும் அதிலேயே வந்துவிடும்.

என்னென்ன பொருள், எவ்வளவு

குழந்தைக்கு ஒரு தொகுதி வேண்டாம். இருவருக்கு ஒன்று போதும். ஒருவர் குச்சியைக் கையாளும்போது மற்றவர் எண் அட்டையை மாற்றுவார், பிறகு வேலையை மாற்றிக்கொள்வார்கள். 32 பேருக்கு 16 ஜிப் பைகள். ஒவ்வொரு பையிலும் 50 ஐஸ் குச்சிகள், 6 ரப்பர் பேண்டுகள், 0 முதல் 9 வரை இலக்க அட்டைகள் இரண்டு தொகுதி, மடித்த ஏ4 தாள் ஒன்று. மொத்தம் 800 குச்சிகள், 96 பேண்டுகள். நூறு வரை போகும்போது இரண்டு ஜோடிகள் சேர்ந்து உட்கார்ந்தால் 100 குச்சி கிடைத்துவிடும்.

ரப்பர் பேண்டு விஷயத்தில் பல வகுப்புகள் தடுக்கி விழுகின்றன. மெல்லிய பேண்டை மூன்று நான்கு சுற்றுச் சுற்ற ஆறு, ஏழு வயது விரல்களால் முடிவதில்லை. குச்சிகள் சிதறும், குழந்தை உங்களை அழைக்கும், ஒரே நேரத்தில் பத்துப் பேர் அழைப்பார்கள். இரண்டே சுற்றில் இறுகும் பட்டையான பேண்டு வாங்குங்கள். தலைமுடி கட்டும் துணி பேண்டு இன்னும் சுலபம். பானம் குடிக்கும் குழாய்த் துண்டுகள் வழுக்குவதால் கட்டில் நிற்பதில்லை. கட்டவே வராத குழந்தைக்குப் பேண்டுக்குப் பதில் சின்னக் குவளைகள் கொடுங்கள்: பத்து சேர்ந்ததும் குவளைக்குள் போட வேண்டும்.

ஏ4 தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் "பத்துகள்", வலப்பக்கம் "ஒன்றுகள்" என்று எழுதி, ஒரு பக்கத்துக்கு வண்ணம் பூசுங்கள். ஜோடி எதிரெதிராக உட்காரக் கூடாது. எதிரே இருப்பவருக்குப் பத்துகள் வலப்பக்கமாகத் தெரியும். அவர் 34-ஐ 43 என்று படிப்பது அதனால்தான். பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். செய்து காட்டும்போது நீங்களும் குழந்தைகளைப் பார்த்து நின்றால் அவர்களுக்கு இடவலம் மாறித் தெரியும். தாளைப் பலகையில் ஒட்டி, அவர்கள் பார்க்கும் திசையிலேயே நின்று செய்யுங்கள்.

பத்து பத்தாக ஒட்டியே வரும் கட்டைகள் பள்ளியில் இருக்கலாம். ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஸோல்டான் டீனஸ் பரப்பியவை அவை, நல்ல கருவிதான். ஆனால் முதல் இரண்டு வாரம் அலமாரியிலேயே இருக்கட்டும். அந்தக் கட்டையைக் குழந்தையால் பிரிக்க முடியாது. அது பத்து என்று நீங்கள் சொல்வதை நம்பத்தான் முடியும். தானே எண்ணிக் கட்டி, தானே அவிழ்த்தால்தான் ஒரு கட்டும் பத்துக் குச்சியும் ஒன்றே என்பது கைவழியாகப் புரியும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது

பையைக் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்லத் தொடங்குவதுதான் பெரும்பாலும் காரணம். கையில் புதுப் பொருள் இருக்கும்போது எந்தக் குழந்தையும் உங்களைக் கேட்காது. முதலில் பலகையில் செய்து காட்டி, ஒரு குழந்தையை அழைத்துத் திரும்பச் செய்ய வைத்து, அதன் பிறகே பைகள் வெளியே வரட்டும். பைகளுக்கு 1 முதல் 16 வரை எண் எழுதி, அதே எண்ணை மேசையிலும் ஒட்டிவிட்டால், இரண்டு குழந்தைகள் இரண்டு நிமிடத்தில் விநியோகித்துவிடுவார்கள்.

முதல் நாள் ஐந்து நிமிடம் இஷ்டம்போல் விளையாட விடுங்கள். வீடு கட்டுவார்கள், நட்சத்திரம் செய்வார்கள். அந்த ஆசை தீராவிட்டால் பாடத்தின் நடுவில் தலைகாட்டும். ரப்பர் பேண்டை இழுத்து எய்தால் அன்றைக்கு அந்த ஜோடிக்குக் குவளை என்ற விதியை முன்பே சொல்லிவிடுங்கள்.

எடுத்து வைப்பதையும் பாடமாக்கலாம். பைக்குள் குச்சிகள் ஐந்து கட்டுகளாகத்தான் திரும்பிப் போக வேண்டும். ஐந்தாவது கட்டில் ஒன்பதுதான் இருந்தால் ஒன்று தரையில் கிடக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்துத் தேடுவார்கள். மறுநாள் பாடம் தொடங்கும்போது கட்டுகளை அவிழ்க்கச் சொல்லுங்கள்.

மூன்று வாரம், நாளுக்கு அரைமணி

முதல் வாரம் அள்ளுதலும் கட்டுதலும். ஒரு குழந்தை இரு கையாலும் ஒரு பிடி அள்ளும். எத்தனை இருக்கும் என்று இருவரும் முதலில் ஊகிப்பார்கள். பிறகு பத்துப் பத்தாகக் கட்டி, "3 கட்டு 4 தனி" என்று எழுதி, அதன் கீழே 34 என்று எழுத வேண்டும். முதல் வரியை எழுதாமல் நேராக 34-க்குத் தாவ விடாதீர்கள். இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால்தான் இலக்கத்துக்கும் கட்டுக்கும் உள்ள தொடர்பு கண்ணில் படும்.

மூன்று கட்டு, நான்கு தனி இருக்கும்போது "பத்து, இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது..." என்று தனிக் குச்சிகளையும் பத்தாகவே எண்ணிக்கொண்டு போகும் குழந்தைகளை இந்த வாரம் பார்ப்பீர்கள். கட்டைத் தொடும்போது உள்ளங்கை முழுவதையும் அதன்மேல் வைக்க வேண்டும், தனிக் குச்சியை ஒற்றை விரலால் தொட வேண்டும் என்று பழக்குங்கள். உள்ளங்கையிலிருந்து விரலுக்கு மாறும் அந்த நொடியில் குரலும் நின்று, முப்பத்தொன்று என்று மாறும். சொல்லித் திருத்துவதைவிட இது விரைவாகப் பலன் தரும்.

இரண்டாம் வாரம் பகடை ஆட்டம். பகடையில் விழுந்த அளவு குச்சியை ஒன்றுகள் பக்கம் சேர்க்க வேண்டும். பத்து சேர்ந்தவுடன் கட்டி, இடப்பக்கம் தள்ள வேண்டும். விதி இதுதான்: வலப்பக்கம் ஒன்பதுக்கு மேல் தனிக் குச்சி தங்கக் கூடாது. ஐம்பதை முதலில் தொடும் ஜோடி வென்றது. ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் தாளுக்குக் கீழே இலக்க அட்டையை மாற்ற வேண்டும். குச்சியும் அட்டையும் ஒரே நேரத்தில் மாறாவிட்டால் இந்த ஆட்டம் வெறும் விளையாட்டாகப் போய்விடும், ஆகவே நீங்கள் சுற்றி வரும்போது கவனிக்க வேண்டியது அட்டையைத்தான். 39-க்குப் பிறகு 310 என்று வைக்கப் பார்ப்பவர்களுக்கு ஒன்றுகள் பக்கம் ஓர் அட்டைக்குத்தான் இடம் என்பதே தடையாக நிற்கும். 40 வரும்போது ஒன்றுகள் பக்கம் காலி. காலி என்பதால் அட்டையே வைக்காமல் விடுவார்கள். "தனிக் குச்சி எத்தனை?" என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்பார்கள். அதைச் சொல்லத்தான் 0 அட்டை.

மூன்றாம் வாரம் எல்லாவற்றையும்விட முக்கியம். நேரமில்லை என்று பலர் தவிர்ப்பதும் இதைத்தான். நான்கு கட்டில் தொடங்கி, பகடையில் விழுந்த அளவை எடுத்துக்கொண்டே வர வேண்டும். 3 விழுந்தால் எடுக்கத் தனிக் குச்சி இல்லை. ஒரு கட்டை அவிழ்த்து வலப்பக்கம் போட்டதும் கையை நிறுத்தச் சொல்லுங்கள். "இப்போது மொத்தம் எத்தனை?" மூன்று கட்டு, பத்து தனி. முப்பது என்று சிலர் சொல்வார்கள், சிலர் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். எண்ணட்டும், அவசரப்படுத்தாதீர்கள். ஒரு நாள் அதே குழந்தை, எண்ணாமலே "நாற்பதுதான், அப்படியே இருக்கிறது" என்று சொல்லும். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுபவர்கள் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறார்கள். 52 என்பது நான்கு கட்டும் பன்னிரண்டு தனியும்கூட என்று கையால் உணர்ந்த குழந்தைக்கு அந்தக் குறுக்குவழி தேவைப்படாது.

இதே வாரக் கடைசியில் படத்துக்கு மாறலாம்: கட்டுக்கு ஒரு நெடுங்கோடு, தனிக்கு ஒரு புள்ளி. டீனஸ் கட்டைகளையும் இப்போது வெளியே எடுக்கலாம்.

407-க்குத் தனி மருந்து

ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் எண் அட்டைகள் செய்துகொள்ளுங்கள். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில் பயன்படுத்தப்படுபவை இவை. உயரம் எல்லாவற்றுக்கும் 6 செ.மீ. 1 முதல் 9 வரை 4 செ.மீ. அகலம், 10, 20 முதல் 90 வரை 8 செ.மீ.; 100 முதல் 900 வரை 12 செ.மீ. 40 அட்டையின்மேல் 7 அட்டையை வலது ஓரம் பொருந்தும்படி வைத்தால் 47. 7-ஐத் தூக்கினால் அடியில் 0 இருக்கும். நாற்பது எங்கும் போய்விடவில்லை, ஒளிந்திருக்கிறது என்பதைக் குழந்தை திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். நூற்றைந்தை 1005 என்று எழுதுவதும் இதே அட்டையால் சரியாகும். அகலத்தை அளந்து வெட்டுங்கள். கண்மதிப்பில் வெட்டினால் 0 பாதி வெளியே தெரிந்து எல்லாம் குழம்பும்.

தொண்ணூறுகளில் கூடுதல் கவனம் வேண்டும். எழுபது, எண்பது என்று வந்த வரிசை அங்கே உடைகிறது, காதில் நூறு ஒலிக்கிறது. தொண்ணூற்றைந்து என்று சொல்லி அட்டை வைக்கச் சொல்லும் பயிற்சியில், ஒன்பது கட்டுகளையும் கூடவே அடுக்கச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றோடும் தினமும் இரண்டு நிமிடம் எடுக்கும் ஒரு வழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பலகை ஓரத்தில் மூன்று பைகளைத் தொங்கவிடுங்கள்: நூறு, பத்து, ஒன்று. பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குழந்தை ஒரு குச்சியை ஒன்றுகள் பையில் போட்டு, மேலே உள்ள எண்ணை மாற்றட்டும். பத்தாவது நாள் கட்டு, நூறாவது நாள் பத்துக் கட்டுகளையும் சேர்த்துப் பெருங்கட்டு. குச்சியைப் போடுவது நீங்களாக இருந்தால் வகுப்பு அதைக் கவனிப்பதை ஒரு வாரத்தில் விட்டுவிடும்.

மூன்று வாரம் முடிந்ததும் 16 பொத்தான் சோதனையை மறுபடி செய்யுங்கள். அதோடு, 47-ஐக் குச்சியால் இரண்டு விதமாகக் காட்டச் சொல்லுங்கள். நான்கு கட்டு ஏழு தனி, மூன்று கட்டு பதினேழு தனி என்று இரண்டையும் காட்டி, இரண்டும் 47 என்பவர்களுக்குக் கடன் வாங்கிக் கழித்தலை எழுத்தில் தொடங்கலாம். ஒரு விதம் மட்டும் காட்டுபவர்களுக்குக் கூட்டலை எழுத்தில் தொடங்கி, கழித்தலுக்குக் குச்சியைத் தொடருங்கள். பொத்தானில் இன்னும் ஒன்றையே எடுத்துக் காட்டுபவர்கள் பகடை ஆட்டத்துக்குத் திரும்பட்டும். அவர்களை ஒரே ஜோடியாக்காமல், ஓரளவு முன்னேறிய ஒருவரோடு உட்கார வையுங்கள். அவிழ்ப்பதும் அட்டை மாற்றுவதும் பின்தங்கியவர் கையிலேயே இருக்க வேண்டும். கூட இருப்பவர் வாயால் மட்டும் உதவலாம்.