ராசாவுக்குச் சத்தியம் செய்யவேணுமோ எண்டு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சனான். வந்து எட்டு மாசம், மெல்பேர்னில வயோதிபர் இல்லத்தில வேலை, அங்க ஒரு அம்மம்மா கட்டில் பக்கத்தில செத்துப்போன ராணியின்ர படம் வச்சிருக்கிறா, அதைப் பாத்திட்டு உங்களோட வேலை செய்யிற பிள்ளை "நீ ராசா பக்கமோ குடியரசுப் பக்கமோ" எண்டு கேட்டிருக்கிறா, உங்களுக்கு வாய் வரேல்ல. கனடாவில இருக்கிற மச்சாள் வேற, பிரஜாவுரிமை எடுக்கேக்க ராசாவுக்குச் சத்தியம் செய்யவேணும் எண்டு சொல்லிப்போட்டா. இந்த நாட்டுக்கு ராசா வேணுமோ வேண்டாமோ, நான் என்ன நினைக்கிறன் எண்டும் கேட்டிருக்கிறியள்.

முதல்ல சத்தியத்தை முடிச்சுவிடுறன். மச்சாள் சொன்னது பிழையில்லை, ஆனா அது கனடாக் கதை, அங்க இண்டைக்கும் சார்ள்ஸ் ராசாவுக்கும் அவற்ற வாரிசுகளுக்கும் விசுவாசமா இருப்பன் எண்டுதான் சொல்லவேணும். இங்க அப்பிடி இல்லை. நான் 1988ல வந்து 1991ல பிரஜாவுரிமை எடுக்கேக்க எலிசபெத் ராணிக்கும் அவவின்ர வாரிசுகளுக்கும் எண்டு கையை உயர்த்திச் சொன்னனான், 1994ல அந்த வசனத்தையே மாத்திப்போட்டினம், 1996ல என்ர மனுசி எடுக்கேக்க அவுஸ்திரேலியாவுக்கும் அதின்ர மக்களுக்கும் விசுவாசமா இருப்பன் எண்டு மட்டும்தான் சொன்னவ. ஒரே வீட்டில ரெண்டு பேர், ரெண்டு சத்தியம். நீங்களும் மனுசி சொன்னதைத்தான் சொல்லுவியள், கடவுள் பேர் சேர்த்த வசனம் ஒண்டு, சேர்க்காதது ஒண்டு, விருப்பமானதை எடுக்கலாம். ஆனா ஒண்டு, நாடாளுமன்ற உறுப்பினராத் தெரிவாகிறவை மட்டும் இண்டைக்கும் ராசாவுக்குத்தான் சத்தியம் செய்யவேணும், அது அரசியலமைப்பிலேயே எழுதிக்கிடக்கு.

பிரஜாவுரிமைச் சோதனைக்கு எண்டால், நாட்டின்ர தலைவர் ராசா, இங்க அவருக்குப் பதிலா கவர்னர் ஜெனரல், ஆட்சி நடத்திறது பிரதமர், இந்த மூண்டையும் குழப்பாமப் படியுங்கோ. 20 கேள்வி, 15 சரியா வரவேணும், அதில விழுமியங்கள் பற்றின 5 கேள்வியில ஒண்டும் பிழைக்கக் கூடாது.

ராசாவால உங்கட சம்பளத்துக்கோ வீசாவுக்கோ மெடிக்கெயாருக்கோ ஒரு மாற்றமும் இல்லை. அவரை நீங்கள் காணுறது சில்லறைக் காசில, யூன் மாசத்து லீவில, கோட்டுக்குப் போனா பெரிய வக்கீல்மாரின்ர பேருக்குப் பின்னால இருக்கிற KC (ராசாவின்ர வக்கீல்) எண்ட பட்டத்தில, அவ்வளவுதான். அஞ்சு டொலர் தாளில இப்பவும் ராணிதான், அடுத்த தாளில ராசாவைப் போடமாட்டம், பூர்வகுடி ஆக்களின்ர வரலாற்றைச் சொல்லுற மாதிரி ஒண்டு போடுவம் எண்டு 2023ல மத்திய வங்கி சொல்லிச்சுது. ஆனபடியால் இது சும்மா அலங்காரம்தானே எண்டு கனபேர் சொல்லுவினம், நானும் வந்த புதுசில அப்பிடித்தான் நினைச்சனான், பிறகுதான் 1975ம் ஆண்டுக் கதையைக் கேள்விப்பட்டது. விட்லம் எண்ட பிரதமர், சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த ஆள், மேல்சபையான செனட்டில எதிர்க்கட்சி வரவுசெலவு மசோதாவை மறிச்சு வச்சிருக்கு, நவம்பர் 11ந் திகதி கவர்னர் ஜெனரல் கேர் அவரைக் கூப்பிட்டுப் பதவியைப் பறிச்சிட்டு எதிர்க்கட்சித் தலைவர் ஃபிரேசரைப் பிரதமராக்கிவிட்டார். அடுத்த மாசம் நடந்த தேர்தலில ஃபிரேசர் வெண்டவர்தான், ஆனாலும் தாங்கள் தெரிவு செய்யாத ஒருத்தர் ஒரு மத்தியானத்தில இதைச் செய்யலாமெண்டால் எங்கட வாக்குக்கு என்ன மதிப்பு எண்டு கேட்டுக் கோபப்பட்ட ஆக்கள் இண்டைக்கும் இருக்கினம். கேருக்கும் அரண்மனைக்கும் நடுவில போன கடிதங்கள் 2020லதான் வெளியில வந்தது, அதுவும் ஒரு வரலாற்றுப் பேராசிரியை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் வழக்கில வெண்ட பிறகு.

இனி என்னைக் கேட்டதுக்கு வாறன். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ, ஏனெண்டால் எனக்கு உந்தக் கேள்வி சிட்னியில தொடங்கேல்ல, 1972 மே 22ல யாழ்ப்பாணத்தில தொடங்கினது, எனக்கு அப்ப பத்து வயசு.

அண்டைக்குத்தான் சிலோன் ஸ்ரீலங்கா எண்டு ஆனது. அதுவரைக்கும் எங்களுக்கும் எலிசபெத்துத்தான் ராணி, நீங்கள் பிறக்க முந்தின கதையெண்டபடியால் வீட்டில சொல்லியிருக்க மாட்டினம். ராணி போய் குடியரசு வந்ததெண்டால் சந்தோசப்படத்தானே வேணும், வெள்ளைக்காரன்ர கடைசிக் கயிறும் அறுந்துது. என்ர அப்பா அண்டைக்கு ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு முத்தத்தில போய் இருந்தவர், பின்னேரம் வரைக்கும் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. அவர் அரசாங்கக் கந்தோரில கிளாக்கர், சிங்களச் சோதினை பாஸ் பண்ணேல்ல எண்டு சம்பள உயர்வை (இன்கிரிமென்டை) நிப்பாட்டின ஆக்களில அவரும் ஒருத்தர். இதே மாதிரிப் பாதிக்கப்பட்ட கோடீஸ்வரன் எண்ட கிளாக்கர் கோட்டுக்குப் போய், கீழ்க்கோட்டில வெண்டு, உச்ச நீதிமன்றத்தில தோத்து, லண்டனில இருந்த கடைசி மேன்முறையீட்டு இடமான கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரைக்கும் கொண்டுபோனவர். 1969ல அவை, அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போடலாம், சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கின 1956ம் ஆண்டுச் சட்டம் யாப்புக்குச் சரியோ எண்டதைத் திருப்பி உச்ச நீதிமன்றமே பாக்கட்டும் எண்டு அனுப்பிச்சினம். அப்பா அதை நம்பிக்கொண்டு இருந்தவர். 1971ல கோமறைக் கழகத்துக்குப் போற வழியை மூடினவை, அடுத்த வருசம் புது யாப்பு, அதில சிங்களம் அரச கரும மொழி எண்டதும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் எண்டதும் யாப்புக்குள்ளயே ஏறிட்டுது, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாச் சட்டம் போடக் கூடாது எண்டு சோல்பரி யாப்பில, அதுதான் அதுக்கு முந்தி இருந்த யாப்பில, இருந்த 29ம் பிரிவு காணாமப் போட்டுது. அந்த வழக்கின்ர மெயின் கேள்விக்குத் தீர்ப்பே வரேல்ல.

கடைசி மகா தேசாதிபதியா, அதாவது கவர்னர் ஜெனரலா, இருந்த வில்லியம் கோபல்லாவதான் முதல் ஜனாதிபதி, அதே ஆள். ராணி போனதால அங்க மாறினது கதிரையில இருந்த ஆள் இல்லை, எழுத்துத்தான் மாறினது.

இதை வச்சு ராணி இருந்திருந்தால் எங்களுக்கு நல்லா இருந்திருக்கும் எண்டு நான் சொல்ல வாறன் எண்டு நினைக்காதேங்கோ. 1948ல மலையகத் தமிழரின்ர பிரஜாவுரிமையைப் பறிச்சது ராசாவின்ர பேரில நடந்த ஆட்சியில, 1956ல தனிச் சிங்களச் சட்டம் வந்தது ராணியின்ர பேரில நடந்த ஆட்சியில. மலையக மக்களின்ர வாக்குரிமை வழக்கு லண்டனுக்குப் போகேக்க 29ம் பிரிவு அவையைக் காப்பாத்தேல்ல. முடி எங்களுக்கு ஒரு நாளும் கவசமா இருந்ததில்லை. பக்கத்தில இந்தியா 1950 ஜனவரி 26ல குடியரசானது, அடிப்படை உரிமைகளை எழுதி வச்சுக்கொண்டு ஆனது. ஆனபடியால் குடியரசு எண்ட சொல்லில நன்மையும் இல்லைத் தீமையும் இல்லை, பழசை அழிச்சுப் புதுசை எழுதேக்க பேனா ஆற்ற கையில இருக்கு, எங்களை மாதிரிச் சின்னத் தொகை ஆக்களுக்கு என்ன எழுதுகினம், அதைத்தான் நான் முதல்ல பாக்கிறது.

1999 நவம்பர் 6ல இங்க சர்வசன வாக்கெடுப்பு வந்தது. ராணிக்கும் கவர்னர் ஜெனரலுக்கும் பதிலா, நாடாளுமன்றத்தில மூண்டில ரெண்டு பங்கு ஆதரவோட ஒரு ஜனாதிபதியைப் போடுறதுக்கு ஓமோ இல்லையோ. நான் அப்ப ஒரு ஃபாக்டரியில வேலை, எனக்குப் பக்கத்து மெசினில கிரேக்க மனுசன் ஒருத்தர், 1974ல அவையின்ர நாட்டில சனமே வாக்குப் போட்டு ராசாவை அனுப்பினதைப் பெருமையாச் சொல்லுவார், ஓம் எண்டு போடு, போடு எண்டு ஒரு கிழமையா நிண்டவர். மனுசியும் ஓம் எண்டுதான் போட்டவ. நான் இல்லை எண்டு போட்டிட்டு வந்தனான். பெட்டிக்குள்ள தாளை மடிச்சுப் போடேக்க எனக்கு ராணி பக்கம் நிண்ட பிரதமர் ஹோவார்டும் தெரியேல்ல, குடியரசுப் பக்கத்துக்குத் தலைமை தாங்கின டர்ன்புல்லும் தெரியேல்ல, முத்தத்தில இருந்த அப்பாதான் தெரிஞ்சவர். நூற்றுக்கு 55 பேர் அளவில இல்லை எண்டு போட்டினம், ஆறு மாநிலமும் இல்லை, தலைநகர் கான்பராப் பிரதேசம் மட்டும்தான் ஓம். ராணியில உள்ள விருப்பத்தில எல்லாரும் அப்பிடிப் போட்டதெண்டு நினைக்காதேங்கோ, குடியரசு வேணும் ஆனா ஜனாதிபதியை நாங்களே நேராத் தெரிவு செய்யவேணும், அரசியல்வாதிகள் தெரிவு செய்யக் கூடாது எண்டு சொல்லி இல்லை எண்டு போட்ட ஆக்கள் கனபேர்.

இப்ப கேட்டால் நான் ஓம் எண்டுதான் போடுவன், தங்கச்சி. அண்டைக்கு நான் பயந்தது வேற நாட்டின்ர பயம், இங்க அதைக் கொண்டுவந்து போட்டது என்ர பிழை. 1972ல எங்களிட்ட ஒருத்தரும் வாக்குக் கேட்கேல்ல, நாடாளுமன்ற உறுப்பினர்களே ஒரு சபையா இருக்க, அதில பெரும்பான்மை வச்சிருந்த கூட்டணி தன்ர விருப்பத்துக்கு எழுதினது, தமிழரசுக் கட்சி ஆக்கள் திருத்தம் கேட்டுக் கிடைக்காம 1971லேயே வெளியில வந்திட்டினம். இங்க அப்பிடி ஏலாது. முழு நாட்டிலயும் பெரும்பான்மை வேணும், ஆறு மாநிலத்தில நாலிலயும் பெரும்பான்மை வேணும், அப்பதான் யாப்பில ஒரு எழுத்து மாறும். இதுவரைக்கும் 45 கேள்வி கேட்டு எட்டுத்தான் பாஸ். இப்பிடி ஒரு பூட்டு இருக்கிற வீட்டில ராசாவையும் காவலுக்கு வச்சிருக்க வேணுமோ? பிறப்பால வாற பதவி ஒண்டு உச்சியில இருக்கிறது எனக்குச் சரியெண்டு படேல்ல, இங்க பிறந்த என்ர பேத்தி என்ன படிச்சாலும் என்ன செய்தாலும் இந்த நாட்டின்ர தலைவியா வர ஏலாது எண்டது எனக்கு உண்மையா மனம் நோகிற விசயம்.

ஆனா அந்தப் பூட்டுக்கு மற்றப் பக்கமும் இருக்கு. 2023 ஒக்டோபரில, பூர்வகுடி ஆக்கள் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு சபை வேணும் எண்டு கேட்டு வந்த வாக்கெடுப்பில நூற்றுக்கு 60 பேர் இல்லை எண்டினம். அண்டைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல. ஒரு வரி தங்களைப் பற்றி யாப்பில எழுதுங்கோ எண்டு கேட்ட சனத்துக்கு இல்லை எண்டு சொன்னது, அதை எங்கட ஆக்களிலயும் சிலபேர் சொன்னவை. அதுக்குப் பிறகு குடியரசுக் கதை அடங்கிப்போச்சு, அதுக்கெண்டு 2022ல போட்ட துணை அமைச்சர் பதவியும் 2024ல இல்லாமப் போச்சு. திரும்ப ஒரு நாள் வரும், அப்ப நீங்கள் வாக்காளரா இருப்பியள், வாக்குப் போடாட்டி இங்க ஃபைன் எண்டதையும் மறக்காதேங்கோ. அப்ப அவை யாப்பில எழுதப்போற வசனத்தைக் கையில எடுத்து நீங்களே வாசியுங்கோ, பூர்வகுடிகளைப் பற்றி அதில என்ன இருக்கெண்டு முதல்ல பாருங்கோ. நான் அதைத்தான் பாப்பன், அவைக்கு இடமில்லாத குடியரசுக்கு ஓம் சொல்ல எனக்கு மனம் வராது.

கூட வேலை செய்யிற பிள்ளைக்கு இப்ப நீங்கள் ஒரு பக்கமும் சொல்லத் தேவையில்லை. நான் இன்னும் படிச்சுக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ, இங்க அதை ஒருத்தரும் பிழையா எடுக்கமாட்டினம். இலங்கையில 1972ல நடந்ததைச் சொல்லுங்கோ, இங்கத்தைய ஆக்களுக்கு அது தெரியாது, நான் சொன்ன நேரமெல்லாம் கவனமாக் கேட்டவை.

அந்த அம்மம்மாவோட மட்டும் இதை விவாதிக்காதேங்கோ, தொண்ணூறு வயசில அந்தப் படம் அவவுக்கு அரசியல் இல்லை. 1954ல ராணி இங்க வரேக்க நீங்கள் எங்க நிண்டு பாத்தனீங்கள் எண்டு கேட்டுப்பாருங்கோ, அந்த வயசு ஆக்களில கனபேர் அப்ப இளம் வயசில வீதியோரம் கொடியோட நிண்டவை. அதே பயணத்தில, இங்கயிருந்து வெளிக்கிட்ட பிறகு ஏப்ரல் மாசம், ராணி எங்கட நாட்டுக்கும் போனவ எண்டு சொல்லுங்கோ. அவ கதைக்கத் தொடங்கினால் உங்கட ஷிஃப்ட் முடியிறதும் தெரியாது, உங்களுக்கு இங்கிலீசும் வரும்.