காலை 11 முதல் மாலை 4 வரை

கேள்வி: எனக்கு 8 வயதில் மகனும் 4 வயதில் மகளும் இருக்கிறார்கள். மதுரையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில் மாமியாருடன் வசிக்கிறோம். நான் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். விடுமுறை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் நாள் முழுவதும் ‘போர் அடிக்குது’ என்ற புலம்பலும் செல்போனுக்கான சண்டையும் தாங்க முடியவில்லை. கோடை முகாமில் சேர்த்துவிடலாமா, வீட்டிலேயே சமாளிக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நாள் முழுவதும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் காலையில் மொட்டைமாடியிலும், வெயில் தாழ்ந்தபின் கீழே மற்றப் பிள்ளைகளோடும் விட்டுவிட்டால், உங்கள் உதவியில்லாமலே அவர்களுக்குப் பொழுது போய்விடும். கத்திரி வெயிலில் வெளியே அனுப்ப முடியாத 11 மணி முதல் 4 மணி வரையிலான அந்த ஐந்து மணி நேரத்துக்குத்தான் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கு நான் முகாமையோ விலை உயர்ந்த பொம்மைகளையோ முதலில் சொல்ல மாட்டேன். வீட்டில் உண்மையாகவே நடக்கும் வேலையில் அவர்களுக்கு ஒரு பங்கு கொடுங்கள் என்பேன். விளையாட்டுக்காகச் செய்யச் சொல்லும் வேலைக்கும், நாளைக்குத் தட்டில் வந்து விழப்போகும் வேலைக்கும் உள்ள வேறுபாடு நான்கு வயதுக் குழந்தைக்குக்கூட நன்றாகத் தெரியும்.

கூழ் வற்றலையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு ஜவ்வரிசியை அளந்து ஊறவைப்பது மகளின் பொறுப்பு. விடிந்ததும் நீங்களோ மாமியாரோ அதைக் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி, அரைத்த பச்சை மிளகாயும் உப்பும் சீரகமும் சேர்த்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்துக் கொடுத்தால், வெயில் ஏறுவதற்குள் மாடியில் விரித்த பழைய வேட்டியில் ஆளுக்கொரு கரண்டியோடு இருவரும் ஊற்றிவிடுவார்கள். மகளுடையது வட்டமாக வராது, வரவேண்டியதும் இல்லை. எத்தனை ஊற்றினோம், காக்கை எத்தனை கொண்டுபோனது என்ற கணக்கை மகன் ஒரு நோட்டில் எழுதட்டும். அடுத்த நாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, வற்றல் கிழியாமல் உரித்தெடுப்பதில் நடுப்பகல் நேரம் போவதே தெரியாது. இந்த வேலையை வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தே செய்யலாம். உரித்தவற்றைத் தட்டில் பரப்பி இரண்டாம் வெயிலுக்கு வைத்தால், அந்த வாரத்திலேயே சாம்பார் சாதத்துக்கு அவர்கள் செய்த வற்றல் பொரிந்துவிடும்.

அடுத்தது, உங்கள் மாமியார். அவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவராக மட்டும் வைத்திருக்காமல், ஆட்டத்தில் ஒரு கையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்லாங்குழிக்குப் பலகை இல்லையென்றால், தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரிசைக்கு 7 வட்டமாக இரண்டு வரிசை போட்டு, குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டைகள் வைத்தால் போதும். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிப் போடுவது உங்கள் மகளுக்கு மிகவும் பிடிக்கும். அந்த வயதில் மூக்கிலும் காதிலும் கொட்டையைப் போட்டுக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அவள் கையில் கொடுக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் 70 இருக்கிறதா என்று எண்ணிவிட்டே டப்பாவை மூடுங்கள். மகனுக்கு 3 புலி, 15 ஆடு வைத்து ஆடும் ஆடுபுலி ஆட்டம் சரியாக இருக்கும். தாயம் ஆட ஆசைப்பட்டால், நான்கு கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை மாடிச் சிமென்ட் தரையில் அவனே தேய்த்துக்கொள்ளட்டும். அப்படித் தேய்த்துச் சூடேறிய கொட்டையைத் தங்கையின் கையில் வைத்து அவளை அலறவைக்கும் வித்தையையும் அவன் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவான். நாங்கள் எல்லோரும் கண்டுபிடித்ததுதான். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

செல்போனை ஒரேயடியாகப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2 முதல் 4 வயது வரையிலான குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளில் 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை, உங்கள் வேலைக்குக் கட்டாயம் அமைதி தேவைப்படும் நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்; அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். நேரம் மட்டும் நாளுக்கு நாள் மாறக் கூடாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் குழந்தைகள் எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

முகாமில் சேர்ப்பதானால் ஒன்று போதும், அதுவும் மகன் தானாக விரும்பினால் மட்டும். என்னைக் கேட்டால் நீச்சலைச் சொல்வேன். மேலும், 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்கள் ஊரிலேயே, புது நத்தம் சாலையில் இருக்கிறது. சிறுவர்களுக்குத் தனிப் பகுதியும் குளிர்சாதன வசதியும் உள்ள அந்த இடத்துக்கு, உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ ஓய்வு கிடைக்கும் நாளில் வெயில் ஏறுமுன் போய், வெயில் தாழ்ந்தபின் திரும்பி வாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ‘போர் அடிக்குது’ என்ற குரல் கேட்கத்தான் செய்யும். கேட்டவுடன் எழுந்து ஓடாமல், கால் மணி நேரம் உங்கள் கணக்கையே பார்த்துக்கொண்டிருங்கள். பெரும்பாலும் அதற்குள் நாற்காலி பேருந்தாகியிருக்கும். பாட்டி பயணச்சீட்டு வாங்கியிருப்பார்.

வற்றலுக்கு மட்டும் வானம் வெளுத்திருக்கும் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். மே மாதத்தில் மாலை இடிமழை சொல்லாமல் வந்துவிடும். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓட மாடியில் ஆள் வேண்டும்.