வலி இல்லை என்றால் மாத்திரை தேவையா?

கேள்வி: எனக்கு வயது 24, உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. மாதவிலக்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது; முகத்தில் முடி வளர்கிறது. ஸ்கேனில் சினைப்பை நீர்க்கட்டி என்றார்கள். மாத்திரை சாப்பிட்டால் மாதவிலக்கு வருகிறது, நிறுத்தினால் நின்றுவிடுகிறது. வலி இல்லையே, கல்யாணமானால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடக் கூடாது. ஆனால் நீங்கள் அஞ்ச வேண்டியது அந்த நீர்க்கட்டிகளுக்காக அல்ல. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகளே அல்ல. முழுதாக முதிராமல் பாதியில் நின்றுபோன, 2 முதல் 9 மில்லிமீட்டர் வரையிலான சினைமுட்டைப் பைகள். அவை கரைந்தனவா என்று பார்க்க மறுபடி மறுபடி ஸ்கேன் எடுப்பது வீண் செலவு.

கவனம் வைக்க வேண்டிய இடம் கர்ப்பப்பையின் உட்சவ்வு. முட்டை வெளிப்பட்ட பிறகுதான் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்கும். அது சுரக்காத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற மற்றொரு ஹார்மோனின் தூண்டுதலால் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும், ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் புற்றுநோய்க்கும் வழிவகுக்கக்கூடும். இவ்வளவும் வலியே இல்லாமல் நடக்கும் என்பதை அம்மாவிடம் அவசியம் சொல்லுங்கள். எனவே 90 நாட்கள் கடந்தும் மாதவிலக்கு வராவிட்டால், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மருத்துவர் தரும் மாத்திரையால் அதை வரவழைத்தே ஆக வேண்டும். ரத்த உறைவு, உயர் ரத்த அழுத்தம், பார்வை மங்கி வரும் ஒற்றைத் தலைவலி போன்றவை இல்லையென்றால், இந்த இரு வகை ஹார்மோன்களும் சேர்ந்த கூட்டு ஹார்மோன் மாத்திரை முகத்து முடிக்கும் சேர்த்துப் பயன்படும். அதற்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். நிறுத்தியதும் மாதவிலக்கு நின்றுபோவது மாத்திரை செய்த கெடுதல் அன்று, அடியில் உள்ள கோளாறு அப்படியே இருப்பதால்தான்.

பெரும்பாலோரிடம் அந்தக் கோளாற்றில் இன்சுலின் எதிர்ப்புக்கு, அதாவது சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாத நிலைக்கு, பெரும் பங்குண்டு. அதை ஈடுகட்ட உடல் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின், சினைப்பையை ஆண் ஹார்மோன்களை அதிகம் சுரக்கவைக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் தவறிவிடலாம் என்பதால், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) பரிசோதனைகளும் ஒருமுறை தேவை.

பட்டினி வேண்டாம். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் காய், கீரை, சுண்டல், முட்டை வையுங்கள். வாரம் 150 நிமிடமாவது வேகமாக நடங்கள். உங்கள் எடையில் மூன்றரை கிலோ குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிப்படத் தொடங்கிவிடும்.

கல்யாணம் இதற்கு மருந்தாகாது. அதேபோல் இது கல்யாணத்துக்குத் தடையும் அல்ல. தானாகவே கருத்தரிப்பவர்கள் பலர். தாமதமானால் முட்டையை வெளிப்படச் செய்யும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. நாள் தவறினாலும் கருத்தரிக்க வாய்ப்புண்டு என்பதால், குழந்தை வேண்டாத காலத்தில் கருத்தடையும் அவசியம். இடையில் ரத்தம் பட்டாலோ, போக்கு அளவுக்கு மீறினாலோ மட்டும் அடுத்த தேதி வரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.