கந்தஎலவில் டெண்டுக்குள் சொட்டிய தண்ணீர்

கந்தஎல நீர்த்தேக்கக் கரையில் ஜனவரியில் தங்கினோம், மழையே இல்லை, விடியும்போது டெண்டுக்குள் தண்ணீர் சொட்டியது, புது டெண்டிலேயே ஓட்டையா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் நீங்கள் விட்ட மூச்சுதான். நுவரெலியாப் பக்கம் 1,800 மீட்டருக்கு மேல்; ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனியே விழும். குளிர்ந்த துணியில் மூச்சின் ஈரம் பட்டால் துளியாகத்தான் நிற்கும். நாலு பேர் படுத்து, குளிருக்குப் பயந்து சிப்பை முழுக்க இழுத்து மூடினால் கேட்கவே வேண்டாம்.

மேலே இருக்கும் வலைச் சன்னலைத் திறந்தே வையுங்கள். குளிரும்தான், இன்னொரு கம்பளியைப் போர்த்துங்கள். வெளிப்படங்கு உள்துணியில் ஒட்டாதபடி இழுத்துக் கட்ட வேண்டும். தண்ணீரோரத்தை விட்டுக் கொஞ்சம் மேட்டில் அடியுங்கள், குளிர்காற்று பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். மரத்தடி என்றால் காய்ந்த கொப்பு தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். ஈரச் சப்பாத்தும் துவாயும் வெளியிலேயே கிடக்கட்டும் (அட்டையும் அதோடுதான் உள்ளே வரும்).

அப்புறம், சிரட்டைத் தணலை உள்ளே வைக்கலாமா என்றீர்களே, கூடவே கூடாது. புகை தெரியாவிட்டாலும் அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சுடுதண்ணீரை இறப்பர்ப் பையில் ஊற்றி, துணியால் சுற்றிப் பிள்ளைகளின் காலடியில் வையுங்கள், போதும்.